நாற்பத்தேழாம் எண் மூட்டை

மூட்டையை அவிழ்த்ததுமே கறாரக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பால் கவருக்குள் முட்டை ஓடு. ஷாம்பு பாட்டிலுக்குள் தேயிலைச் சக்கை. எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு ஓர் ஈரக் கால்சட்டை.

"மறுபடியும் நாப்பத்தேழா?" என்றாள் பக்கத்தில் குந்தியிருந்தவள்.

"வேற யாரு? எது பிளாஸ்டிக்னு கூடவா தெரியாது ஒரு மனுஷ ஜென்மத்துக்கு?"

அந்தக் கொட்டகையில் பன்னிரண்டு பெண்கள் பிளாஸ்டிக் பிரித்தார்கள். தரையில் குந்திக் குந்தி எல்லோருக்கும் முட்டி போய்விட்டது. புதிதாக வந்த செயலி ஓர் ஆசை காட்டியிருந்தது. சரியாகப் பிரித்துத் தரும் வீட்டுக்குப் பச்சை, தராத வீட்டுக்குச் சிவப்பு. மாதக் கடைசியில் எல்லா வீடும் பச்சையாக இருந்தால், நின்றபடி பிரிக்க நீள மேசை ஒன்று வரும்.

எல்லா வீடும் பச்சைதான், ஒன்றைத் தவிர. அது யார் வீடென்றும் தெரியாது. சண்டை வரக்கூடாதென்று செயலி பெயரையும் விலாசத்தையும் மறைத்துவிட்டது. மூட்டையை எடுக்கும்போது வண்டிக்காரர் ஒட்டும் எண் மட்டும்தான்.

"கொஞ்சம் தன்மையா சொல்லிப் பாருங்கக்கா" என்றாள் மேற்பார்வை பார்க்கும் பெண்.

கறாரக்கா பல்லைக் கடித்துக்கொண்டு செயலியில் நாற்பத்தேழுக்குத் தன்மையாக எழுதினாள். 'பாட்டில், கவர், டப்பா எல்லாம் போடலாம். நன்றி.'

மறுநாள் இரண்டு மூட்டை வந்தது. 'எல்லாம்' என்றதை நம்பி, கிழிந்த தலையணை ஒன்றையும் திணித்திருந்தார்கள். பஞ்சு கொட்டகை முழுக்கப் பறந்தது. பன்னிரண்டு பேரும் தும்மினார்கள்.

கறாரக்கா தன்மையை ஓரமாக வைத்துவிட்டு எழுதினாள். 'பிரிக்காத மூட்டை இனிமேல் வேண்டாம்.'

பதில் உடனே வந்தது. 'பிரிக்கிற ஆள் பகலில் வீட்டில் இருப்பதில்லை.'

"பார்த்தியா கொழுப்பை? குப்பை பிரிக்கிறதுக்குன்னு தனியா ஆள் வெச்சிருக்காங்க. அவ பாவம், எத்தனை வீட்டுல மாரடிக்கிறாளோ" என்று பொருமினாள் கறாரக்கா.

முகம் தெரியாத அந்த வேலைக்காரிக்காக அவளுக்கு நிஜமாகவே மனசு வலித்தது. அந்தச் சூட்டோடு நாற்பத்தேழை நிறுத்து என்று தட்டிவிட்டாள். இரண்டு நாள் கொட்டகை நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் நாள் மேற்பார்வைப் பெண் போனும் கையுமாக ஓடி வந்தாள்.

"அக்கா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? வராத மூட்டையும் சிவப்புதான். நாளைக்குத்தான் கடைசி நாள். மேசை போச்சுன்னா மத்தவங்க உங்களைச் சும்மா விட மாட்டாங்க."

பதினொரு ஜோடிக் கண்கள் கறாரக்காவைப் பார்த்தன. அவள் நாற்பத்தேழை மறுபடி திறந்துவிட்டாள்.

"ஆபீசுல கேட்டு விலாசம் வாங்கு. காலையில நானே நேர்ல போய் ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டு வரேன்."

வீடு போய்ச் சேரும்வரை திட்ட வேண்டியதையெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். 'கையில என்ன, மருதாணியா? ஒரு கவரைக் கழுவிப் போட்டா தேஞ்சா போயிடுவே?' இது நன்றாக வந்தது. இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

வீட்டு வாசலில் மூன்று மூட்டைகள் கிடந்தன. கணவன் போனும் கையுமாகப் படியில் உட்கார்ந்திருந்தான்.

"வந்துட்டியா? உங்க கொட்டகையில எவளோ ஒரு ராட்சசி நம்ம மூட்டையை நிறுத்திட்டா. பிரிக்கிற ஆள் பகல்ல வீட்டுல இருக்கிறதில்லைன்னு எழுதியும் கேக்கல. உக்காரு, நீயே பிரிச்சுக் குடு."