கடுகண்ணாவையில் நின்ற கீபோர்டும் புனித ரோசம்மாவும்

நாலு பேரைச் சிரிக்க வைப்பவனை நானூறு பேர் முன்னால் நிறுத்தினால் நூறு மடங்கு சிரிக்க வைப்பான் என்று பலர் நம்புகிறார்கள். நம்புகிறவர்கள் யாரும் மேடை ஏறியதில்லை. நான் ஏறியிருக்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் ஆலயப் பங்கு மண்டபத்தில் மேடைப் படிக்குப் பக்கத்தில் நான் சும்மா நின்றாலும் யாராவது வந்து தோளில் கைபோட்டு டீ குடிக்கக் கூட்டிப்போய்விடுகிறார்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் ஆலயத்தில் இசை மாலை நடக்கும். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த ஒவ்வொரு அன்பியமும் ஒரு நிகழ்ச்சி கொடுக்க வேண்டும். எங்கள் குண்டசாலை அன்பியம் காலங்காலமாக ஒரே குழுப்பாட்டைத்தான் பாடிவந்தது. (பாதிப்பேர் முன்னதாகவே முடித்துவிடுவார்கள். மீதிப்பேர் அவர்களைத் தேடி வருவார்கள்.) அந்த வருஷம்தான் முதல்முறையாகத் தனிப்பாட்டு. பாடப்போவது என் மகள் டிலானி.

டிலானிக்குக் குரல் உண்டு, தைரியம் கிடையாது. பாடசாலைப் பரிசளிப்பில் தன் பெயரைக் கூப்பிட்டதும் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட பிள்ளை. கிறிஸ்டி என்கிற கீபோர்ட்காரர்தான் மாதக்கணக்கில் வீட்டுக்கு வந்து அவளைப் பழக்கியிருந்தார்.

"அந்தச் சத்தம் கேட்டாத்தான்பா எனக்குக் காலுக்கு அடியில தரை இருக்கிற மாதிரி இருக்கு" என்பாள். கூடவே, "நீங்க அன்னைக்கு மட்டும் ஜோக் அடிக்காதீங்க."

"சரி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

இங்கே என் இன்னொரு பதவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒக்டோபர் மாதம் வீடு வீடாக ஜெபமாலை சொல்லும்போது கடைசியில் வரும் மன்றாட்டுமாலையை முன்னின்று சொல்வது நான்தான். காரணம் பக்தி அல்ல, தொண்டை. நான் ஒரு புனிதரின் பெயரைச் சொல்வேன், சனம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லும். பல வருஷப் பழக்கத்தில் என் நாக்கு அதைத் தானாகவே பார்த்துக்கொள்ளும். நான் கேஸ் சிலிண்டரைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன்.

இசை மாலை வந்தது. மண்டபம் நிறைந்த கூட்டம். பக்கத்துப் பங்கிலிருந்து சிங்கள விருந்தினர்களும் வந்திருந்தார்கள். இரண்டாம் வரிசையில் புதுச்சேலையில் என் மாமியார் ரோசம்மா. பேத்தியின் பாட்டுக்காகக் காலையிலேயே நாவலப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். எங்கள் நிகழ்ச்சி கடைசி. அது முடிந்ததும் பாதர் ஆசீர் கொடுப்பார். எங்கள் ஆட்களுக்கு ஆசீர் என்றால் பாடசாலை விட்ட மணி மாதிரி. வாயில் பாதி ரோல்ஸ் இருந்தாலும் எழுந்து போய்விடுவார்கள்.

எங்கள் முறைக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது.

"அண்ணே, கிறிஸ்டி பேசுறேன். கடுகண்ணாவ ஏத்தத்துல லொறி ஒண்ணு பிரண்டு கெடக்கு. இப்பதான் ஒவ்வொரு வாகனமா விடுறாங்க."

திரைக்குப் பின்னால் டிலானி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "கீபோர்ட் இல்லாட்டி நான் பாடமாட்டேன்பா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

பாதரிடம் ஓடினேன்.

"கொஞ்சம் பொறுங்க பாதர், இப்ப வந்திருவாரு."

"நாவலப்பிட்டி கடைசி பஸ்ஸுக்குப் போறவங்க இருக்காங்க. மேட சும்மா கெடந்தா நான் ஆசீர் குடுத்து முடிச்சிருவேன்."

"சும்மா கெடக்காது பாதர். நான் நாலு ஜோக் சொல்றேன்."

பாதர் என்னை ஒரு கணம் பார்த்தார். மனுஷருக்கு எல்லோரிடமும் நம்பிக்கை வைக்க வேண்டிய தொழில்.

ஏறினேன். மைக்கைப் பிடித்தேன். கல்யாண வீட்டிலும் மரண வீட்டிலும் என்னைக் கேட்காமலே வாயில் வந்து நிற்கிற ஜோக்குகளில் ஒன்றுகூட அன்று வரவில்லை. அவையும் கடுகண்ணாவையில்தான் நின்றிருக்க வேண்டும். மைக் வழியாக என் மூச்சு மட்டும் சைக்கிள் டயருக்குக் காற்றடிப்பது போல மண்டபமெங்கும் கேட்டது. முன்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பாதர் கதிரையிலிருந்து பாதி எழுந்தார்.

அவர் எழுவதைக் கண்டதும் என் வாய் திறந்தது. "புனித சூசையப்பரே" என்றது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது மண்டபம்.

யாரும் யோசிக்கவில்லை. எங்கள் ஆட்களைத் தூக்கத்தில் எழுப்பிப் புனிதர் பெயரைச் சொன்னாலும் அந்தப் பதில்தான் வரும். நான் "புனித அந்தோனியாரே" என்றேன். பதில் வந்தது. "புனித செபஸ்தியாரே." வந்தது. சிங்கள விருந்தினர்கள் மரியாதையாக எழுந்து நின்று தங்கள் மொழியில் பதில் சொன்னார்கள். முந்தைய நிகழ்ச்சிக்கு வாசித்த டிரம்ஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். பாதர் திரும்பவும் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார். சொன்னதற்கெல்லாம் சபை முழுவதும் பதில் கொடுக்கும் நகைச்சுவையாளன் இலங்கையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் புனிதர்கள் தீரத் தொடங்கினார்கள். பயத்தில் வரிசை குழம்பி அந்தோனியாரை மூன்று தடவை கூப்பிட்டேன். வாசலைப் பார்த்தேன், கிறிஸ்டி இல்லை. பெயர் வேண்டும், எந்தப் பெயரானாலும் சரி என்று கண் கூட்டத்துக்குள் தேடியது. முன்வரிசையில் பங்குச் சபைப் பொருளாளர் உட்கார்ந்திருந்தார்.

"புனித சவரிமுத்துவே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

சவரிமுத்து அண்ணன் பாதி எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தார். என் கண் அடுத்த வரிசைக்குப் போனது.

"புனித ரோசம்மாவே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று நானூறு பேரும் என் மாமியாரிடம் மன்றாடினார்கள்.

சொல்லி முடித்த பிறகுதான் சபைக்குக் காது கேட்டது. என் மனைவி கைப்பைக்குள் முகத்தை வைத்து எதையோ தேடினாள். மாமியார் மட்டும் பதறவில்லை. தலையை இலேசாகத் தாழ்த்தி ஏற்றுக்கொண்டார்.

அடுத்தது யாருடைய மாமியாரோ என்று பாதர் பயந்திருக்க வேண்டும். சட்டென்று எழுந்து கையை உயர்த்தி ஆசீர் கொடுத்துவிட்டார். சனம் சிலுவை போட்டது, குடையை எடுத்தது, எழுந்தது. "இன்னும் ஒரு பாட்டு இருக்கு" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமென்" என்றுதான் வந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து மைக்கை வாங்கியது.

"தள்ளுங்கப்பா."

டிலானி பாடினாள். கீபோர்ட் இல்லை, ஒன்றும் இல்லை. முதல் வரிக்குச் செருப்புச் சத்தம் குறைந்தது. இரண்டாம் வரிக்கு வாசல்படியில் இருந்தவர்கள் திரும்பினார்கள். நாவலப்பிட்டிக்காரர்கள் பஸ்ஸை மறந்தார்களா, மன்னித்தார்களா தெரியாது, நின்றுவிட்டார்கள். சரணத்தில் கிறிஸ்டி வந்து சேர்ந்தார். கூட்டத்துக்குள் இறக்கி வைக்க இடமில்லாமல், பாட்டு முடியும்வரை கீபோர்டைத் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குப் போகும்போது முச்சக்கரவண்டிக்குள் கேட்டேன். "கீபோர்ட் இல்லாம பாடிட்டியே, பயமா இல்லையா?"

"உங்கள பார்த்த பொறகாப்பா? இதுக்கு மேல ஒரு ஆளு அசிங்கப்பட முடியாதுன்னு தெரிஞ்சிருச்சு. அப்புறம் என்னா பயம்?"

மாமியார் வெளியே பார்த்தபடி சொன்னார். "அந்தோனியார மூணு தடவ கூப்பிட்டீங்க மாப்பிள்ள. என்னைய ஒரு தடவதான்."

இன்று டிலானிதான் பாடகர் குழுவை நடத்துகிறாள். ஒவ்வொரு இசை மாலையிலும் அவளுக்குத் தனிப்பாட்டு உண்டு. எனக்கு முன்வரிசையில் ஒரு கதிரை உண்டு. பாடுவதற்கு முன் என்னை ஒரு முறை பார்த்துக்கொள்வாள். பார்த்தால் தைரியம் வருகிறதாம்.

மாமியார் இன்றும் நாவலப்பிட்டியிலிருந்து வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரே குரலில் சொல்வோம். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அவர் கையை இலேசாக உயர்த்துவார். "பாப்போம். மொதல்ல ஒரு பிளேன்டீ போடுங்க."