நான் தரைமட்டமாக்கிய மேடு

அறியாத தொழிலில் மனிதன் அடக்கமாக இருக்கிறான். அரைகுறையாக அறிந்த தொழிலிலேதான் நாசம் விளைவிக்கிறான். இவ்வுண்மையை நான் எந்த நூலிலும் கற்கவில்லை. ஜேர்மனியில், கார்ல்ஸ்ரூஹேக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரில், யப்பானியச் சிறுவர்களின் பேஸ்போல் அணியொன்றின் முன்னிலையில் கற்றேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, ஹைம் என்று நாங்கள் அழைத்த விடுதியில், மன்னார் மரியதாசுடன் ஓர் அறையில் இருந்தேன். வேலை செய்ய அனுமதி இல்லை. விடுதிக்குப் பின்னாலிருந்த விளையாட்டுக் கழகத்தின் தலைவர் ஹெர் புருன்னர் ஒருநாள் என்னை அழைத்தார். வெளிநாட்டு இளையோர் அணிகள் ஆடும் போட்டிக்கு மைதானத்தைத் துப்புரவாக்கிக் கொடுத்தால், நகரசபைத் தோட்டப் பகுதியில் என்னைச் சேர்க்கும்படி கடிதம் தருவதாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை எனக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் ரெர்மின், அதாவது நேர்முகத்துக்குக் குறித்த நாள். அக்கடிதத்தோடு போனால் வேலை. இல்லாவிட்டால் கட்டிலில் படுத்துக் கூரையை நோக்கும் பழைய உத்தியோகமே.

புல் வெட்டுதல், சுண்ணாம்புக் கோடு போடுதல், பார்வையாளர் உட்காரும் வாங்குகளைத் துடைத்தல் ஆகிய மூன்றே எனக்கு இடப்பட்ட பணிகள். சனிக்கிழமை மதியத்துக்குள் மூன்றையும் முடித்தேன். அத்தோடு நான் நின்றிருக்க வேண்டும்.

ஆனால் மைதானத்தின் நடுவே ஒரு சாண் உயரத்தில் வட்டமான மண்மேடொன்று இருந்தது. பேஸ்போலை நான் கண்டதில்லை. எனினும் பந்தும் மட்டையும் உள்ள விளையாட்டல்லவா? யாழ்ப்பாணத்தில் கல்லூரிக் கிரிக்கெற் அணியில் இருந்தவன் நான். (பன்னிரண்டாவது ஆளாக. பன்னிரண்டாவது ஆளுக்கு மட்டையைவிட மைதான உருளையே நெருங்கிய சிநேகிதன்.) ஆடுகளத்தில் மேடு என்பது எனக்குச் சோற்றில் கல்லைப் போன்றது.

“அண்ணை, அது தன்ரை பாட்டிலை கிடக்கட்டும். ஏதோ தேவைக்குத்தான் கட்டியிருப்பாங்கள்” என்றார் மரியதாஸ்.

“பந்தெறியிற இடத்திலை மேடு இருந்தால் எறியிறவன்ரை கால் முறியும். உனக்குக் கிரிக்கெற் தெரியுமே?”

“எனக்குக் கிரிக்கெற் தெரியாது. உங்களுக்கு இது தெரியுமே?”

“பேசாமல் வண்டிலைப் பிடி.”

பதினான்கு தடவை மண் ஏற்றி, வேலியோரப் பூப்பாத்திகளில் பரப்பினோம். பின்னர் நீர் தெளித்து உருளையால் உருட்டினேன். மேட்டின் உச்சியில் பதிந்திருந்த வெள்ளை இறப்பர் பலகையைக் கட்டட வேலையாட்கள் மறந்து விட்டுப்போனதாகத் தீர்மானித்து, கழுவி, உடைமாற்றும் அறை வாசலில் கால் துடைப்பதற்காகப் போட்டேன். (என் சிக்கனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.)

ஞாயிறு காலை யப்பானிய அணி வந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுவர்கள். எல்லைக் கோட்டில் ஒரே வரிசையாக நின்று, தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்கள். எதிரே தும்புத்தடியால் கூட்டிக்கொண்டு நின்றவன் நான் ஒருவனே. என் உழைப்பு கடல் கடந்தவர்களுக்காவது புரிந்ததே என்று நெஞ்சு விம்ம, கைகூப்பி நானும் குனிந்தேன். பண்புள்ள பிள்ளைகள், திரும்பவும் குனிந்தார்கள். நானும் விடவில்லை. மூன்றாவது தடவைக்குப் பின் அவர்களுடைய பயிற்றுநர் எதையோ மெதுவாகச் சொல்லி அதை நிறுத்தினார். அவர்கள் வணங்கியது மைதானத்தை என்பதைப் பிறகே அறிந்தேன்.

அடுத்து அவர்கள் உடைமாற்றும் அறைக்குப் போய், வாசலில் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவனும் பலகையை மிதிக்கவில்லை. ஒரு சிறுவன் மட்டும் குனிந்து, அதை இரு கைகளாலும் ஏந்தி, பயிற்றுநரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் பலகையைப் பார்த்தார். மைதானத்தின் நடுவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து அப்போதுதான் வந்த மரியதாஸ் என் காதருகே, “அண்ணை, அந்தாள் சிரிக்கேல்லை” என்றார்.

ஹெர் புருன்னர் விரைந்து வந்தார். “இங்கே ஒரு மேடு இருந்தது” என்றார் மெல்லிய குரலில்.

“ஆம், இருந்தது” என்றேன். இன்னமும் பெருமையோடுதான் சொன்னேன்.

பந்தெறிபவன் அந்த மேட்டின் மீது நின்று, அந்த வெள்ளைப் பலகையில் கால் ஊன்றியே எறிய வேண்டும் என்றும், மேடின்றி ஆட்டமே இல்லை என்றும் அவர் விளக்கியபோது, என் செவ்வாய்க்கிழமை என் கண்முன்னாலேயே தரைமட்டமாயிற்று.

ஆட்டத்துக்கு ஒரு மணித்தியாலமே இருந்தது. பயிற்றுநர் கோபிக்கவில்லை. அளவுநாடாவை எடுத்து என்னிடம் ஒரு முனையைத் தந்தார். சிறுவர்கள் பூப்பாத்திகளிலிருந்து வாளிகளில் மண் சுமந்தார்கள். எதிரணியான ஒல்லாந்துப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். மண்ணை இறுக்கப் பாரமான ஒருவர் தேவைப்பட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு நாட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க, நான் அந்த மேட்டில் ஏறி அரை மணித்தியாலம் மிதித்தேன்.

“நல்லா மிதியுங்கோ அண்ணை. ரெர்மின் கடிதம் அதுக்குக் கீழைதான் கிடக்குது” என்றார் மரியதாஸ்.

சற்றுப் பிந்தினாலும் ஆட்டம் நடந்தது. யப்பானியப் பந்தெறியாளன் மேடேறுமுன் தொப்பியைக் கழற்றினான். இம்முறை நான் கைகளைக் காற்சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. வென்றவர்கள் யப்பானியர்களே, மேட்டைப் பற்றி எவரும் குறை சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஹெர் புருன்னர் கடிதத்தைத் தந்தார். மறுநாள் அலுவலகப் பெண்மணி அதை இரண்டு முறை வாசித்தார். அதில் எழுதியிருந்தது இதுதான்: “இவர் கடும் உழைப்பாளி. கேட்டதைவிட அதிகம் செய்வார். ஆகவே வேலை கொடுப்பவர் அருகிலேயே நிற்பது நன்று.” அதன் பொருள் என்னவென்று அவர் கேட்டார். எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியிலும், தெரியாத இடங்களில் கைகளாலும் சொன்னேன். அந்த மேசைக்குப் பின்னால் சிரிப்பை நான் அன்றுதான் கண்டேன். முத்திரை விழுந்தது, தோட்டப் பகுதியில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தேன்.

இரண்டு ஆண்டுகளின் பின் என் மனைவி வந்து சேர்ந்தார். அவர் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, மரியதாஸ் எங்கள் வீட்டில் தேநீர் குடித்தபடி, “அக்கா, கவனமாய் இருங்கோ. மேட்டைக் கண்டால் அண்ணைக்குக் கை சும்மா இராது” என்றார். முழுக் கதையையும் கேட்ட என் மனைவி, சிரிப்புத் தாங்காமல் கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

அன்று வயிற்றிலிருந்த மகள் இப்போது தானே எட்டு மாதக் கர்ப்பிணி. போன கிழமை பார்க்கப் போனேன். கதவைப் பாதி திறந்து, வயிற்றை இரு கைகளாலும் மறைத்தபடி கேட்டாள்:

“அப்பா, தனியத்தான் வந்தனீங்களோ, உருளையும் வருகுதோ?”