நாற்பத்திரண்டு பக்கமும் ஒரு ஷட்டவுனும்

அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதைப் போல சுகமான வேலை உலகத்தில் வேறு கிடையாது. அதற்குச் சம்பளமும் கொடுத்து, மீஞ்சூரிலிருந்து ஏற்றிப்போக கம்பெனி பஸ்ஸும் அனுப்பினால் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்? எனக்கு வந்தது. அது மூன்றே நாளில் இறங்கிய கதையை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு ஆலைகளுக்குக் கண்ட்ரோல் பெட்டி (மிஷின்களை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டர்தான்) தயாரிக்கும் கம்பெனி அது. தகுதிகாண் காலம் முடிய எனக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. எங்கள் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அனல் மின்நிலையத்தில் பல வருஷமாகக் கான்ட்ராக்ட் தொழிலாளி. நிரந்தர வேலை என்பது எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் வாய்த்ததில்லை. இந்த நிலையில் ஒரு புதன்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த நாப்பத்திரண்டு பக்கத்துல சின்னச் சின்னத் தப்பு இருக்குது. சரி பண்ணு. திங்கக்கெழமை கஸ்டமர் வராங்க. நல்லா வந்துச்சுன்னா உன் கன்ஃபர்மேஷன் லெட்டர்ல கையெழுத்து போட்டுடறேன்."

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு விசேஷ ஃபோல்டரைப் பற்றிய விளக்கப் புத்தகம் அது. சாதாரண ஃபோல்டர் டிஸ்கில் இருக்கும். இது முழுக்க மெமரியிலேயே இருக்கும். அதனால் எழுதுவதும் படிப்பதும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். மின்சாரம் போனால் உள்ளே இருப்பதெல்லாம் சுத்தமாகப் போய்விடும். எழுதியவள் டெஸ்டிங்கில் வேலை பார்க்கும் அமலி. வள்ளூர்க்காரி, டிப்ளமா, என் வயதுதான். (நான் இன்ஜினியரிங். இதை அந்த நாட்களில் ஒரு நாளைக்கு நான்கு முறையாவது யாரிடமாவது சொல்லிவிடுவேன்.)

தகுதிகாண் காலத்தில் லேப்டாப் கிடையாது; பென்டிரைவுக்கு கேட்டிலேயே தடை. டெஸ்ட் ரூமில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெட்டியிலேயே கீபோர்டைச் செருகி உட்காரவைத்தார்கள். நான் பேனா பிடித்த தாசில்தார் மாதிரி ஆரம்பித்தேன். பக்க எண் ஓரிடத்தில் தாவியிருந்தது. இரண்டு படங்களுக்கு ஒரே எண். ஒரு கட்டளை இரண்டு முறை வந்திருந்தது. பதினேழாம் பக்கத்தில் என் அறிவுக்கு ஒரு பெரிய வேட்டையே கிடைத்தது. பெட்டியின் மெமரி இரண்டு ஜிபி. ஃபோல்டரின் உச்ச அளவு ஒரு ஜிபி என்று போட்டிருந்தாள். 'ஐயோ பாவம், கணக்கு வராது போல' என்று அதை இரண்டாக்கினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் வேலை முடிந்தது. எலக்ட்ரீஷியன் குணா அண்ணன் கதவருகே வந்து நின்றார்.

"இன்னாம்மா, மெயின்டனன்ஸ் ஷட்டவுனு. லைன ஆஃப் பண்ணிடட்டா? ஒர்க்கு எதுனா ஓடிக்கினு இருக்குதா?"

"பண்ணுங்கண்ணா. எல்லாத்தையும் பத்திரமா சேவ் பண்ணிட்டேன்."

அந்த அறைக்கு மட்டும் யூபிஎஸ் கிடையாது. கரண்டு போனால் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்பதும் டெஸ்டில் சேர்த்தி. ஒரு மணி நேரம் கழித்து லைன் வந்தது. ஃபோல்டரைத் திறந்தேன். துடைத்து வைத்த பாத்திரமாக இருந்தது. மூன்று நாளும் நான் எங்கே சேவ் செய்தேன் என்று அப்போதுதான் பார்த்தேன். மற்ற இடத்தைவிட இங்கே சட்டென்று சேவ் ஆகிறதே என்று, அந்த மெமரி ஃபோல்டரிலேயே வைத்திருக்கிறேன்! 'மின்சாரம் நின்றால் இதில் உள்ளவை அழியும்' என்று மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. அதைத் தடித்த எழுத்தாக்கியதே நான்தான்.

பாத்ரூமில் போய் அழுதேன். வேலை போச்சு, நைனாவிடம் என்ன சொல்வது என்பதைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை. முகம் கழுவ அமலி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்தாள்தான், நன்றாகவே. பிறகு சொன்னாள்:

"இதுக்குப் போயி இன்னாத்துக்கு அழுதுக்கினு கீற? என் ஃபைலு சர்வர்ல கீது. நாளைக்கு டியூட்டி நாளுதான். ரெண்டு பேரும் உக்காந்தா முடிஞ்சிடும்."

சனிக்கிழமை ஒரு தடித்த நீளநோட்டுடன் வந்தாள். புத்தகத்தின் ஒவ்வொரு வரிக்கும் நோட்டில் ஒரு பதிவு: எந்தப் பெட்டியில் செய்து பார்த்தாள், எத்தனை முறை பிளக்கைப் பிடுங்கினாள், என்ன ஆனது. தானே செய்து பார்க்காத ஒரு வரிகூட அவள் எழுதவில்லை. நான் கண்டுபிடித்ததெல்லாம் வீட்டுச் சுவரில் கோணலாக மாட்டிய காலண்டர்கள். வீடு கட்டியவள் அவள்.

பதினேழாம் பக்கம் வந்தது. நான் பெருந்தன்மையாக, "இங்க ரெண்டு ஜிபின்னு மாத்தியிருந்தேன்" என்றேன்.

அமலியின் கை நின்றது. "இன்னா பண்ண?"

பெட்டியில் அளவை இரண்டாக்கி, ஃபோல்டரை நிரம்பவிட்டாள். கொஞ்ச நேரத்தில் திரை உறைந்தது. கீபோர்டு தட்டினால் பதில் இல்லை.

"மொத்தத்தையும் ஃபோல்டருக்கே குடுத்துட்டா, மிஷினு மூச்சு உட எடம் வேணாமா? அதான் பாதி. இது கஸ்டமர்கிட்ட போயிருந்தா அவன் ஆலையே நின்னிருக்கும். நல்ல வேள, கரண்டு போச்சு."

என் வாழ்நாளில் மின்வெட்டுக்கு நன்றி சொன்னது அன்றுதான். அவள் மேல் அன்று வந்த மரியாதை இன்றுவரை கூடிக்கொண்டுதான் போகிறது. மாலைக்குள் நாற்பத்திரண்டு பக்கமும் முடிந்தது. அச்சுக்கு அனுப்பும்போதுதான் கவனித்தேன், முதல் பக்கத்தில் எழுதியவர் பெயரே இல்லை. அமலியின் பெயரைச் சேர்த்தேன்.

திங்கட்கிழமை மேனேஜர் அதில் விரல் வைத்தார். "இத நான் சொல்லலியே?"

"சின்னத் தப்பு சார். விட்டுப்போயிருந்தது." அதோடு நிற்காமல் வெள்ளிக்கிழமைக் கதை முழுவதையும் கொட்டிவிட்டேன். அவர் என் கன்ஃபர்மேஷன் லெட்டரை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பெயரையும் அடிக்கவில்லை.

இதை வீட்டில் சொன்னது என் அடுத்த தப்பு. மின்சாரம் தயாரிக்கிற இடத்தில் வேலை பார்க்கும் மனிதருக்கு இப்படி ஒரு கதை கிடைத்தால் விடுவாரா? கேஸ் சிலிண்டர் புத்தகத்தைப் பத்திரமாக வைத்தேன் என்றால்கூட "எந்த ஃபோல்டர்ல?" என்பார். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு அமலியையே சாட்சியாக நிறுத்திக் கதை சொன்னார். போன வருஷம் மகள் பிறந்தாள். பெயரைப் பதிவு செய்யப் பேரூராட்சி ஆபீசுக்கு நைனாவும் கூட வந்தார். கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த கவுண்டர் அம்மா, "சேவ் ஆயிடுச்சு" என்றார். நைனா ஜன்னலுக்குள் தலையை விட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"கரண்டு போனாலும் புள்ள பேரு இருக்குமாம்மா?"