ஆமத்தூரில் ஐஸ்வர்யா என்று யாரும் இல்லை

விஸ்வநத்தம்,
10.03.2025, திங்கட்கிழமை.

பெருமதிப்பிற்குரிய தாய்மாமா திரு. தனுஷ்கோடி அவர்களுக்கு, மருமகன் மணிகண்டராஜ் வணங்கி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, தங்கை, ஆஃப்செட் மிஷின் அனைவரும் சுகம். அங்கே தாங்களும் அத்தையும் பட்டாசு யூனிட்டும் அதே போல இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னார்கள். கேட்டுவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் "ம், ம், சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் பாதியில் லோடு வண்டி டிரைவரிடம் பேசப் போய்விட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தை அந்த டிரைவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று எழுத மாட்டேன். தாராளமாகக் கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

தங்கை ஐஸ்வர்யா வெளிநாடு போகிறாள் மாமா. மால்டா என்று ஒரு தீவு, இத்தாலிக்குக் கீழே. அங்கே ஒரு வக்கீல் ஆபீஸில் மே மாதம் தொடங்கி எட்டு வாரம். இதற்குப் பெயர் எக்ஸ்டர்ன்ஷிப். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே போய், நிஜமான வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து, நிஜமான வழக்குக் கட்டுகளைப் படித்து, தினமும் என்ன செய்தோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கல்லூரி அதைப் பாடமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். "சம்பளம் இல்லாத வேலைக்கு எதுக்குப்பா ஏரோப்பிளேன்ல போகணும், நம்ம சாத்தூர் கோர்ட்டுலயே சும்மா உக்காரலாமே" என்று நீங்கள் அம்மாவிடம் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். பதில் சொல்கிறேன். அந்தத் தீவில் ஊருக்கு ஊர் சர்ச் திருவிழா, திருவிழாவுக்குத் திருவிழா வாணவேடிக்கை. அதற்கான வெடியை அந்தந்த ஊர்க்காரர்களே கொட்டகை போட்டுச் செய்கிறார்கள். நம்மைப் போலவே. அவ்வப்போது வெடிக்கவும் செய்கிறது. அதுவும் நம்மைப் போலவே. அந்த விபத்து வழக்குகளை நடத்துகிற ஆபீஸ் அது. உலகத்தில் நம் பிள்ளைக்கென்று அளவெடுத்துத் தைத்த மாதிரி ஓர் ஆபீஸ் இருந்தால் அது இதுதான். இந்தியாவிலிருந்து இந்த வருடம் ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆள் நம் வீட்டு ஆள்.

கிடைத்த விதத்தையும் கேளுங்கள். முதலில் பயோடேட்டா அனுப்பச் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் அனுப்பினால் போதும். அப்பா விடவில்லை. நாலு கலரில், ஆர்ட் பேப்பரில், ஓரத்தில் தங்க பார்டர் வைத்து அடித்துவிட்டார். ஆயிரம் பிரதிக்குக் குறைந்தால் மிஷினை ஓட்ட மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது என் தங்கையின் பிளஸ் டூ மதிப்பெண் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பிரதி மாடியில் கிடக்கிறது. அம்மா அதில் பருப்பு காயவைக்கிறார்கள். நான் பிரிண்டிங் டெக்னாலஜி படித்தவன், இது வீண் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

அடுத்து நேர்காணல். பிற்பகல் மூன்று மணி, எங்கள் மாடி அறையில், லேப்டாப்பில். அந்தப் பக்கம் ஜோசியான் என்கிற வக்கீல் அம்மாள், இன்னொரு கட்டத்தில் சென்னையிலிருந்து கல்லூரியின் வெளிநாட்டுப் படிப்புப் பொறுப்பாளர் ஆர்த்தி மேடம். நானும் அப்பாவும் படத்தில் விழாமல் பீரோ ஓரம் நின்றோம். பத்து நிமிடம் எல்லாம் ஒழுங்காகப் போனது. அப்புறம் பின்பக்கக் காலி இடத்தில் பக்கத்து கம்பெனிக்காரர்கள் சாம்பிள் வெடி போட ஆரம்பித்தார்கள். ஜன்னல் அதிர்ந்தது, கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கா பறந்தது. எங்களில் ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ஆனால் சென்னையில் ஆர்த்தி மேடம் அலறினார். "எல்லோரும் கீழே படுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தன் அறையில் தானே மேஜைக்கு அடியில் போய்விட்டார். படத்தில் காலி நாற்காலி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சரி, எல்லாம் முடிந்தது என்று நான் தலையில் கை வைத்தேன். அப்போதுதான் கவனித்தேன், ஜோசியான் அம்மாளும் அசையவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஆறு இன்ச் வாணவெடி ஷெல்லா?" என்றார். ஐஸ்வர்யா, "இல்லை மேடம், நாலு இன்ச். காலியிடத்துக்குப் பின்னால் சுவர் இருக்கிறது, எதிரொலிக்கிறது" என்றாள். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மாமா. சம்பந்தி வீட்டாரை ரயில்வே ஸ்டேஷனில் கண்ட மாதிரி சிரித்தார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். ஒரு விபத்து நடந்த இடத்துக்குப் போனால் முதலில் எதைத் தேடுவாய் என்றார். ஐஸ்வர்யா யோசிக்கவே இல்லை. "வருகைப் பதிவேட்டை. எங்கள் பக்கம் வெடித்ததும் முதலில் வரும் பதில், அந்தப் பேரில் இங்கே யாரும் வேலை பார்க்கவில்லை என்பதுதான். அந்தப் பெண் தீக்காய வார்டில் படுத்திருப்பாள். அவள் அங்கே இருந்தாள் என்பதற்கு ஒரு துண்டுத் தாள் இருக்காது. அந்த ஒரு வரியை உடைப்பதற்குத்தான் நான் சட்டம் படிக்கிறேன்" என்றாள். அப்பாவே பீரோவைப் பிடித்துக்கொண்டார். ஜோசியான் அம்மாள் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு, மே மாதம் வந்துவிடு என்றார்.

இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. பாஸ்போர்ட். இருபத்தைந்தாம் தேதிக்குள் அதன் எண்ணைக் கல்லூரியில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்து இருக்கும் பெங்களூர் பெண்ணுக்கு அந்த இடம் போய்விடும். ஐஸ்வர்யா பிளஸ் டூ படித்தது உங்கள் வீட்டில் தங்கி. ஆதாரில் இருப்பது உங்கள் ஆமத்தூர் முகவரி. அதனால் விசாரணைக்குப் போலீஸ்காரர் உங்கள் வீட்டுக்கு வந்தார். சீருடை இல்லை, பைக்கில் வந்தார், கையில் ஃபைல் வைத்திருந்தார். வந்தவர் கேட்டது, ஐஸ்வர்யா என்பவர் இங்கே இருக்கிறாரா என்பது மட்டும்தான். இனி நடந்ததை அத்தை எனக்குச் சொன்னபடி சொல்கிறேன், தப்பிருந்தால் அத்தையிடம் சண்டை போடுங்கள்.

"அப்படி யாரும் இங்கன வேலை பாக்கல சார்" என்றீர்கள்.

"வேலையைக் கேக்கலைங்க. இந்த வீட்ல இருக்காங்களா?"

"இருக்கவும் இல்ல. ஒரு ரூமுக்கு நாலு பேருதான் சார், அதுக்கு மேல ஒரு ஆள் கிடையாது. எல்லாருக்கும் இன்சூரன்ஸ் இருக்கு. இன்னைக்கு யூனிட்டே லீவு."

யூனிட்டைச் சோதிக்க வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டீர்கள். அதோடு விட்டீர்களா? லேமினேட் செய்த லைசென்ஸை எடுத்துக் காட்டினீர்கள். அவர் சுவரைப் பார்த்து, பரிசுக் கோப்பையோடு நிற்கிற இந்தப் பிள்ளை யார் என்று கேட்டதற்கு, "அது காலண்டர் படம் சார்" என்றீர்கள். சொந்த அக்கா மகளைக் காலண்டர் படமாக்கிவிட்டு, அவர் போனதும் அத்தையிடம், "நல்லவேளை, சமாளிச்சு அனுப்பிட்டேன்" என்று பெருமையாகச் சொல்லி மோர் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் யூனிட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். ஃபைலோடு ஒரு ஆள் வந்து ஒரு பேரைச் சொன்னால் இல்லை என்று சொல்ல நம் வாய் பழகிவிட்டது மாமா, அதுதான் வியாதி. விண்ணப்பதாரர் அந்த முகவரியில் இல்லை என்று அவர் எழுதிவிட்டார். வேறு எதை எழுதுவார்? போன வாரம் ஐஸ்வர்யா மதுரைக்குப் போய், பாஸ்போர்ட் ஆபீஸில் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். துணைக்குப் போன நான் வெளியே நின்றேன். திரும்பும் வழியில், "நானும் அந்தப் பேர்ல யாரும் இல்லைங்கிற லிஸ்ட்ல சேந்துட்டேன்ல" என்றாள்.

மறுவிசாரணை உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த வாரம் வரும், என் கணிப்பில் வியாழக்கிழமை. இதுதான் கடைசி வாய்ப்பு. ஆகவே கவனமாகப் படியுங்கள். ஆள் வந்து ஐஸ்வர்யா இருக்கிறாளா என்று கேட்டால், "ஆமா, என் அக்கா மக" என்று சொல்லுங்கள். அத்தோடு நிறுத்துங்கள். இன்சூரன்ஸைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. லைசென்ஸ் பீரோவுக்குள்ளேயே இருக்கட்டும், சாவியை அத்தையிடம் கொடுத்துவிடுங்கள். பதற்றமாக இருந்தால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு அதிகாரி வந்தால் முதலில் அடையாள அட்டையைக் கேட்பேன், எதற்காக வந்தீர்கள் என்று கேட்பேன், அதற்குப் பிறகுதான் பதில் சொல்வேன். படித்தவனுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் ஆசி ஐஸ்வர்யாவுக்கு எப்போதும் வேண்டும், வியாழக்கிழமை மட்டும் ஒரே வரியோடு நிற்கிற ஆசியாக வேண்டும். சிவன் அருளால் சீசன் நல்லபடியாக அமையட்டும்.

தங்கள் அன்பு மருமகன்,
மணிகண்டராஜ்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். சற்று முன் நான் மிஷின் பக்கத்தில் லேபிள் ஆர்டரை எண்ணிக்கொண்டிருந்தபோது வாசலில் பைக் நின்றது. கையில் ஃபைலோடு ஒருத்தர். ஐஸ்வர்யா இங்கேதானே என்று கேட்டார். எனக்கு என்ன ஆனது என்று இப்போதும் விளங்கவில்லை. "பொம்பளப் பிள்ளைக யாரும் இங்கன வேலை பாக்கல சார், மொத்தமே நாலு பேரு, மிஷினே ரிப்பேரு" என்றேன். எனக்குப் பின்னால் மிஷின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குறித்துக்கொண்டு போனார். அப்பா, "சரியாச் சொன்னலே" என்றார். மாடியிலிருந்து தலையில் துண்டோடு இறங்கி வந்த ஐஸ்வர்யா யார் வந்தது என்று கேட்டாள். சொன்னேன். செருப்புக்கூடப் போடாமல் ஓடி, முக்கு டீக்கடையில் அவரை மறித்துக் கூட்டி வந்துவிட்டாள்.

மதுரையில் கொடுத்த விளக்கத்திலேயே அவள் முகவரியை எங்கள் வீட்டுக்கு மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. ஏம்மா மாத்துன என்று அந்தப் போலீஸ்காரர் கேட்டதற்கு, "மாமா பயந்த சுபாவம் சார். வீட்ல அண்ணன் இருக்கான், படிச்சவன், சொதப்ப மாட்டான்னு மாத்துனேன்" என்றாள். அவர் என்னைக் காட்டி, இது யார் என்றார். "இதுதான் சார் அந்தப் படிச்சவன்" என்றாள்.

அவர் சிரித்து முடிக்க நேரமானது. பிறகு எழுதியதை அடித்துவிட்டு, இருக்கிறார் என்று எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பாஸ்போர்ட் வந்துவிடும் மாமா. ஆனால் அவர் போன பிறகு அவள் விடவில்லை. ஆர்ட் பேப்பர் ஒன்றை என் முன்னால் போட்டு, "ஐஸ்வர்யா என்பவர் என் தங்கை, இந்த வீட்டில்தான் இருக்கிறார்" என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். மிஷினை நிறுத்திவிட்டு, நாலு வேலையாட்களுக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

ஆகவே மேலே எழுதிய புத்திமதி எதையும் பொருட்படுத்த வேண்டாம். வியாழக்கிழமை உங்கள் வீட்டுக்கு யாரும் வரப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐஸ்வர்யா வருகிறாள், இன்னொரு வெள்ளைத் தாளோடு. பேனாவை எடுத்து வையுங்கள்.