தாய்மாமனைக் கேட்காமல் தொட்ட பல்

பதுளை,
கார்த்திகை மாதம்.

மகா கனம் பொருந்திய மைத்துனர் சண்முகராஜா அவர்களின் சமூகத்துக்கு, பதுளை ஜவுளிக்கடை முத்தையா பணிவுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், தங்கள் தங்கை பூவம்மாவும், தங்கள் மருமகள் சந்திரகாந்தியும், பற்கள் நீங்கலாக, க்ஷேமம். மதுரையில் தாங்களும், தங்கள் சம்சாரமும், பையன் வைரவனும், பற்கள் உள்பட க்ஷேமமாயிருக்க முருகனை வேண்டுகிறேன்.

குழந்தைக்கு முன்பல் கோணலாக முளைத்திருக்கிறது என்று பூவம்மா எழுதியதற்கு, பாற்பல் முழுவதும் விழட்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்னால் எவனும் அவள் வாயில் கை வைக்கக் கூடாது, மீறினால் தையில் நடக்கிற காதுகுத்துக்கு என் மடி கிடையாது என்று தாங்கள் பதில் எழுதியிருந்தீர்கள். தாய்மாமன் மடியில் உட்காராமல் என் மகளுக்குக் காது குத்தினால், நான் எந்த முகத்தோடு இந்த பஜாரில் கடை திறப்பேன்? ஆகவே நடுங்கிக்கொண்டேதான் எழுதுகிறேன். கோபப்படுவதானால் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கோபப்படும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் கூரை விஷயம். நம் வழக்கப்படி விழுந்த பாற்பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிந்தோம். மதுரையில் ஓட்டுக் கூரை, எறிந்தது எறிந்த இடத்தில் இருக்கும். பதுளையில் தகரக் கூரை, அதன்மேல் விடாத மழை. உருண்டை வழுக்கிக்கொண்டு வாசலுக்கே திரும்பி வந்துவிட்டது. “திரும்பி வந்த பல்லுங்க, அதான் புதுசு பொறத்தால திரும்பிக்கிச்சு. மேல ஏறி உச்சியில வச்சுட்டு வாங்க” என்று தங்கள் தங்கை மூன்று வேளையும் சோற்றோடு சேர்த்துப் போட்டாள். நானும் ஏணி வைத்து, ஒரு கையில் சாணி உருண்டையும் மறு கையில் அதன்மேல் வைக்கக் கல்லுமாக ஏறினேன். உச்சிக்கு நாலடி இருக்கையில் உருண்டையைப் போலவே நானும் திரும்பி வந்தேன். பக்கத்துக் கடை லத்தீப் ஓடி வந்து, “என்னா மொதலாளி, மழையில சாணியும் கையுமா எங்க கெளம்பிட்டீங்க?” என்று கேட்டபோது பாதி பஜார் சுற்றி நின்றது. உடைந்த உருண்டைக்குள் பார்த்தால் பல்லே இல்லை. வெறும் சாணிக்காக நான் இடுப்பைக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு ஆளாளுக்கு யோசனை. பசறைத் தோட்டத்திலிருந்து துணி எடுக்க வந்த கந்தப்பன் கங்காணி, “பல்லு என்னாங்க தோட்டத்து ஆளா, காலையில பெரட்டுக் களத்துல பேர் கூப்பிட்டு வரிசையா நிறுத்துறதுக்கு? அது இஷ்டத்துக்குத்தாங்க வரும்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று குழந்தை முறுக்கைக் கடித்து, ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. மேல்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, வாயை மூடும்போதெல்லாம் இடிக்கிறது. கொஞ்ச நாளாகவே அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பேசுகிறாள். “மாமா வர்றப்ப நான் சிரிக்காம இருந்துக்கிறேம்பா” என்று அவளாகவே சொன்னாள். அதைக் கேட்டபின் எனக்குப் பன்னிரண்டு வயது வரை காத்திருக்கப் பொறுமை இல்லை, மைத்துனரே. அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன்.

இந்த வருஷம் ரயில் வந்ததிலிருந்து, கொழும்புப் பல் டாக்டர் ஒருவர் மாதாமாதம் இங்கே வந்து பார்க்கிறார். தமிழ் நன்றாகவே பேசுகிறார். பூவம்மா சாமி அறையில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அவர் கடிக்கச் சொன்னார், கடித்தாள். திறக்கச் சொன்னார், திறந்தாள். எனக்கோ தங்கள் கடிதமே நினைவில் நின்றது. “சீக்கிரமா வந்துட்டேனுங்களா? எல்லாப் பல்லும் விழட்டும்னு பெரியவங்க சொல்றாங்க” என்றேன். “ஏழு வயசுல ஒரு தடவை காட்டத்தான் வேணும். பாக்குறது வேற, கம்பி போடுறது வேற. பாதிப் பிள்ளைங்கள அடுத்த வருஷம் வான்னு சும்மாதான் அனுப்புறேன். இவளுக்கு இப்பவே வேணும். இப்ப விட்டா தாடையும் அப்படியே வளந்துரும்” என்றார். உடனே மெழுகு போன்ற ஒன்றை வாயில் வைத்து அச்சும் எடுத்துவிட்டார். அடுத்த மாதம் கம்பி வைத்த சிறு தகடு வருகிறது. சில மாதம் போட்டிருக்க வேண்டுமாம்.

ஆக, தங்களைக் கேட்காமல் கை வைத்தாகிவிட்டது. தங்கள் மடி கிடைக்காதென்றால் காதுகுத்தை நிறுத்திவைக்கிறேனே ஒழிய, தகட்டை நிறுத்த மாட்டேன். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், பூவம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. கல்லாவுக்கு மேலே தங்கள் குடும்பப் படம் தொங்குகிறது. அதில் வைரவன் வாய்விட்டுச் சிரிக்க, தாங்கள் உதட்டை இறுக மூடிக் கம்பீரமாகப் பார்க்கிறீர்கள். மூன்று நாளாக அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நமஸ்காரமும், வைரவனுக்கு ஆசீர்வாதமும், தங்கள் கோபத்துக்கு அடியேனின் முதுகும் உரித்தாகுக.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
முத்தையா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் டாக்டர் சட்டைத் துணி எடுக்கக் கடைக்கு வந்தார். துணியைப் பார்க்காமல் தங்கள் படத்தையே பார்த்தார். “சிரிக்கிற பையன் யாரு? இவனுக்கும் கீழ்ப்பல்லு முன்னாடி நிக்குதே. எட்டு ஒம்பது வயசிருக்குமா? நாளக் கடத்தாமக் காட்டச் சொல்லுங்க. இது குடும்பத்துல வர்றது” என்றார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாதே என்று நான் திகைக்க, எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து நின்ற தங்கள் தங்கை சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஆகையால் மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கூரைமேலும் குற்றமில்லை. தை வரை காத்திராமல் வைரவனை அழைத்துக்கொண்டு அடுத்த கப்பலிலேயே புறப்படவும். தங்கள் மடியும் கூடவே வரட்டும். படத்தில் தாங்கள் மட்டும் ஏன் அவ்வளவு இறுக்கமாக உதட்டை மூடியிருக்கிறீர்கள் என்பது எனக்கு இன்றைக்குத்தான் விளங்கியது.