கீறல் இல்லாத நான்கு சக்கரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தில் உள்ள அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலமாக இல்லை. அதற்குக் காரணம், தங்கள் பத்திரிகையின் சென்ற இதழில் வந்த ‘டயர் மாற்றும்போது சக்கரத்தைக் காப்பது எப்படி?’ என்ற கட்டுரைதான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் அப்பா ஒரு வீட்டில் கார் ஓட்டுகிறார். அந்தக் காரின் அலாய் வீல்கள் நான்கின் மீதும் முதலாளிக்குப் பெற்ற பிள்ளைகளைவிட ஒரு படி கூடுதல் பாசம். பிள்ளைகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் மருந்து போடச் சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். அப்பாவுக்கு முன் அங்கே ஓட்டியவர் டயர் கடையிலிருந்து திரும்பியபோது ஒரு ரிம்மில் நகக்கீறல் போல ஒரு கோடு இருந்திருக்கிறது; முதலாளி சாவியை வாங்கிக்கொண்டு அவரைப் பஸ்ஸில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்படிக் காலியான இடத்தில்தான் அப்பா உட்கார்ந்திருக்கிறார். இப்போது நான்கு டயர்களும் தேய்ந்துவிட்டன. முதலாளி தங்கள் பத்திரிகையில் அந்தப் பக்கத்தை மடித்து அப்பாவிடம் கொடுத்து, “இதப் படிச்சுட்டு அப்புறமா கடைக்குப் போ” என்று மட்டும் சொன்னாராம்.

அப்பா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால், அச்சில் வருகிற எதுவானாலும் என் தலையில்தான் விழும். அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் படித்துக் காட்டினேன். ‘இயந்திரத்தின் இரும்புப் பிடிகள் ரிம்மின் விளிம்பைக் கடிக்கும்’ என்ற இடத்தில் சாப்பிடுவதை நிறுத்தினார். ‘பேலன்சிங் எடைகளைச் சுத்தியலால் அடித்தால் பூச்சு பெயரும்’ என்ற இடத்தில் எழுந்து கையைக் கழுவினார். இவ்வளவு பயமுறுத்திவிட்டுக் கட்டுரையாளர் கடைசியில், ‘இவற்றையெல்லாம் தொழிலாளியிடம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்’ என்று ஒரே வரியில் எழுந்து போய்விட்டார். ஐயா, யார் சொல்வது?

“நீயே வந்து சொல்லிடு பாப்பா. படிச்சவ சொன்னா கேப்பாங்க” என்றார் அப்பா.

“யாரு, இவளா? கேஸ் கொண்டு வர்றவர்கிட்டயே ஜன்னல் வழியா கையக் காட்டுறவ” என்றார் அம்மா.

அம்மா சொன்னது உண்மைதான். கல்லூரியில் வருகைப் பதிவு எடுக்கும்போது என் குரல் கேட்காமல், வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே வராதவளாகிப் போன நாட்கள் உண்டு. ஆனால் அப்பா அன்று தூங்கவில்லை என்பதைக் காலையில் அவர் கண்ணில் பார்த்தேன். கூடவே போனேன்.

கடையில் டயர் மாற்றுபவரை எல்லோரும் கைராசி என்று கூப்பிடுகிறார்கள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ரிம்களைப் பார்த்தால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியவில்லை. பூனைகள் சண்டை போட்ட மாதிரி இருந்தன. “என்னண்ணே, பொண்ணையும் கூட்டிட்டு வந்துட்டீங்க. எனக்கு ஏதும் பரீட்சையா?” என்றார். “பாப்பா ஒரு விஷயம் சொல்லணுமாம்” என்றார் அப்பா. காற்றடித்துக்கொண்டிருந்தவர், பெஞ்சில் காத்திருந்தவர், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரவெல்லாம் மனப்பாடம் செய்தது அத்தனையும் ஒரே மூச்சில் போய்விட்டது. “ஒண்ணுமில்ல” என்றேன். அப்பா என்னைத் திட்டவில்லை. தலைகுனிந்து செருப்பைப் பார்த்தார். திட்டியிருக்கலாம்.

அதற்குள் முதல் சக்கரம் மிஷின் மேல் ஏறிவிட்டது. கீழே நான்கு இரும்புப் பிடிகள், மூடியில்லாமல், பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தன. தங்கள் கட்டுரையில் படம் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை எதிலும் இல்லை. கைராசியின் கால் பெடலுக்குப் போனது. எனக்கு அந்தப் பழைய டிரைவர் பஸ்ஸில் ஏறிப் போனதுதான் கண்ணுக்குள் வந்தது, ஆனால் முகம் அப்பாவுடையதாக இருந்தது.

“நிறுத்துங்க.”

அது என் குரல்தான் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. காற்றடித்தவர் மோட்டாரை அணைத்துவிட்டார். பெஞ்சில் இருந்தவர் காலைத் தூக்கிக்கொண்டார். தெருவில் போன ஒரு ஸ்கூட்டர் பிரேக் போட்டு நின்றது. கைராசியின் கால் பெடலுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

“அந்தப் பிடிக்கு... பிளாஸ்டிக் உறை போடணும்.”

“இருக்கே.”

“எங்க?”

உள்ளே போய்ப் பூட்டியிருந்த அலமாரியைத் திறந்து ஒரு பாக்கெட் கொண்டு வந்தார். ஒட்டிய சீல் கூடப் பிரிக்கவில்லை. “மிஷினோட வந்தது. போட்டா கீறல் விழுந்துரும்னு பத்திரமா வெச்சிருக்கேன்” என்றார், பெருமையாக.

நான் பாக்கெட்டையும் பிடிகளையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்பாதான் மெதுவாகச் சொன்னார்: “தம்பி, கீறல் அதுல விழலாம்பா. அதுக்குத்தான் அது பொறந்திருக்கு.”

கைராசி பாக்கெட்டை ஒருமுறை துடைத்தார். பிறகு, மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற முகத்தோடு பாக்கெட்டைப் பிரித்தார்.

ஆசிரியர் அவர்களே, ஒருமுறை திறந்த வாய் அதற்குப் பிறகு மூட மாட்டேன் என்கிறது. விளிம்புக்கு இன்னும் சோப்புத் தண்ணி தடவுங்க, டயர நெம்புற லிவருக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் துண்டு வைங்க, சக்கரத்தக் குப்புறப் போடாதீங்க, சிமெண்டுத் தரை கீறிடும், என்று நான் சொல்லிக்கொண்டே போக, அப்பா யூனிபார்ம் சட்டையைக் கழற்றித் தரையில் விரித்துப் பனியனோடு நின்றார். “முதலாளி சட்டையத் தடவிப் பாக்க மாட்டாரு” என்றார். சக்கரம் ஆடாமலிருக்க எடை வைக்கும் பேலன்சிங்கில் கைராசி சுத்தியலைத் தூக்கியதும், அடிக்கிற வெயிட் வேண்டாம், ஒட்டுற வெயிட்டா உள்பக்கமா வைங்க என்றேன். “ஏம்மா, நீ எந்தக் கம்பெனி ஆளு?” என்றார். “பி.ஏ. வரலாறு” என்றேன். “அதான் ஒண்ணையும் மறக்க மாட்டேங்கிற” என்று முனகிக்கொண்டே சுத்தியலைக் கீழே வைத்தார்.

திரும்பி வந்ததும் முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். ஒவ்வொரு ரிம்மையும் விரலால் தடவினார், பிறகு கைக்குட்டையால், பிறகு செல்போன் வெளிச்சத்தில். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். அப்பா சட்டையின் முதுகில் சக்கரத்தின் அச்சு வட்டமாகப் பதிந்திருந்தது. கடைசிச் சக்கரத்தில் முதலாளி குனிந்தவர் நிமிரவில்லை. மெல்லியதாக ஒரு கோடு. அப்பா தானாகவே சாவியை நீட்டிவிட்டார். முதலாளி குனிந்து ஊதினார். கோடு பறந்து போனது. தலைமுடி. “ம்” என்றார். அப்பா அங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வாங்கிய முதல் பாராட்டு அது.

வேலை தப்பித்தது. ஆனால் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, அப்பா தூக்கத்தில் “சோப்புப் போடு” என்கிறார். ஆகையால் இனிமேல் சக்கரம் பற்றிய கட்டுரை எதையும் தாங்கள் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டுரை எழுதியவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தங்கள் பத்திரிகை மேலும் மேலும் வளரட்டும், கார் இருக்கிற பக்கம் மட்டும் வராமல்.

இப்படிக்கு,
ஓர் ஓட்டுநரின் மகள்

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை ஒட்டப்போகும்போது அப்பா பாதி நாளிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். சக்கரங்கள் இவ்வளவு சுத்தமாக இருப்பதைப் பார்த்து முதலாளிக்குக் காரை வெளியே எடுக்க மனசு வரவில்லையாம். “ரோட்டுல எறக்குனா கீறல் விழுந்துரும்” என்று காரைத் துணி போட்டு மூடி ஷெட்டில் பூட்டிவிட்டு வாடகைக் காரில் போய்விட்டாராம். அப்பா இனிமேல் கூப்பிடும்போது வந்தால் போதுமாம், வந்த நாளுக்கு மட்டும் சம்பளமாம். ஆகவே மேலே எழுதிய அனைத்தையும் தள்ளிவிடவும். ஓடாமல் நிற்கிற காரில் டயர் ஒரே பக்கம் அழுந்திக் கெட்டுப்போகும் என்று ஒரு கட்டுரையை அடுத்த இதழிலேயே பெரிய எழுத்தில் போடவும். கொஞ்சம் கூடுதலாகப் பயமுறுத்தினாலும் பரவாயில்லை என்கிறார் அப்பா. எதுவும் அச்சில் வந்தால்தான் முதலாளி நம்புவார். எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன். தபாலில் அனுப்பினால் தாமதமாகும். நாளைக் காலை தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து சொல்லிவிடுகிறேன்.