கோழிக்குக் கிடைத்த அனுமதி

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யாரென்று வரலாற்றுக்குத் தெரியாது. அந்த நெருப்புக்கு அலுவலக ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தவர் யாரென்று கணக்கம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய மேலாளர்தான்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டதற்காக ஒருவர் சீக்கிரம் கிளம்பிவிடக் கூடாது. மேலாளர் நாற்காலியை விட்டு எழும்போதுதான் மற்றவர்களும் எழ வேண்டும். இதற்கு 'குழு உணர்வு' என்று பெயர். கணக்குப் பிரிவில் இருந்ததால் கணக்கம்மா என்று அழைக்கப்பட்ட அவள், மதியமே கணக்கை முடித்துவிட்டு, முடித்த கணக்கையே மாலைவரை மறுபடி முடித்துக்கொண்டிருப்பாள். அவளுடைய மகள் பள்ளி வாசலில் கடைசி ஆளாக நிற்பாள். பூட்டும் பொறுப்பை அந்தப் பிள்ளையிடமே ஒப்படைத்துவிடலாமா என்று காவலாளி யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

இனி வேலை முடிந்ததும் கிளம்பிவிட அனுமதி வேண்டும் என்று கேட்டாள் கணக்கம்மா.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் என் வீட்டுக்குத்தானே வர்றீங்க. சாப்பிட்டுக்கிட்டே முடிவு பண்ணிடலாம்மா," என்றார் மேலாளர். இறைச்சியை மூடிய கதவுக்குள் புகையிலேயே மணிக்கணக்கில் வேகவைக்கும் புகையடுப்பு ஒன்றை அவர் புதிதாக வாங்கியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தில் அது கறுப்பு பீரோவைப்போல் நின்று புகை விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே தட்டுத் தட்டாக இறைச்சி.

"மாட்டு நெஞ்சுக்கறி, பன்றித் தோள்கறி, கோழி, மீன். எல்லாத்தையும் காலையில ஒண்ணாவே உள்ள வச்சாச்சு. ஒண்ணாத்தான் வெளிய வரணும். நம்மகிட்ட பாகுபாடே கிடையாது."

"அதான் சார் தலைமைப் பண்பு," என்றார் துணை மேலாளர், புகையில் கண்ணீர் வழிய. "புகையே ஒரு ஒழுங்கா வருது பாருங்க."

"மீனை எடுத்துடுங்கன்னு அப்பவே சொன்னேன்," என்றார் மேலாளரின் மனைவி, தட்டுகளைத் துடைத்தபடி. "என் பேச்சை யாரு கேக்கறா?"

"நெஞ்சுக்கறி முடியாம கதவு திறக்காது. திறந்தா சூடு போயிடும். சூடு போனா கட்டுப்பாடு போயிடும்."

நெஞ்சுக்கறியில் செருகிய வெப்பமானியின் முள் வெகுநேரமாக அசையவில்லை.

"பெரிய துண்டு பாதியில இப்படித்தான் நிக்கும்," என்று விளக்கினார் மேலாளர். "யோசிக்குது."

"பெரியவங்கன்னா யோசிக்கத்தானே சார் செய்வாங்க," என்றார் துணை மேலாளர்.

கணக்கம்மாவின் மகள் காலித் தட்டோடு அடுப்பின் எதிரில் போய் நின்றாள். காத்திருந்து பழகிய பிள்ளை. "அம்மா, இந்த கேட்டை யாரு வந்து திறப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஒருவழியாக யோசனை முடிந்து கதவு திறந்தது. மீன் கருகித் தட்டோடு ஒட்டியிருந்தது. கோழி விறகின் பக்கம் கட்சி மாறியிருந்தது. மேலாளர் ஒரு காலைக் கடித்தார். மென்றார். மேலும் மென்றார்.

"இது ஏன் இப்படி ஆச்சு?"

துணை மேலாளர் ஒட்டியிருந்த மீனைச் சுரண்டத் தொடங்கினார். 'ஆமாம் சார்' என்று பதில் சொல்ல முடியாத கேள்வி அது.

"அது தன் வேலையை எப்பவோ முடிச்சிருச்சு சார்," என்றாள் கணக்கம்மா. "பெரியவர் எந்திரிக்கட்டும்னு உள்ளயே உட்கார வச்சிட்டீங்க. முடிஞ்சதுக்கப்புறமும் உட்கார வச்சா யாரா இருந்தாலும் இப்படித்தான் சார் ஆவாங்க."

மேலாளரின் மனைவி துடைப்பதை நிறுத்தினார். மேலாளர் எலும்பைக் கீழே வைத்தார். அவர் கண்கள் கலங்கின. அப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசிக்கொண்டிருந்ததால் புகையைக் குறை சொல்ல முடியாது.

"புரியுதும்மா. என் தப்புதான். நாளைக்கே எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிடறேன்."

நாளைக்கு அம்மாதான் முதல் ஆளாக வாசலில் நிற்பாள் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தபடி வீடு திரும்பினாள் கணக்கம்மா.

மறுநாள் மதியத்துக்குப்பின் மேலாளர் எல்லோரையும் அறைக்கு அழைத்தார்.

"நேத்து கணக்கம்மா என் கண்ணைத் திறந்துட்டாங்க. வேலை முடிஞ்சா உடனே வெளிய போயிடணும். பெரியவருக்காகக் காத்திருக்கவே கூடாது."

கணக்கம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அதனால வர்ற ஞாயித்துக்கிழமை மீன் முதல்ல வெளிய வந்துடும். அடுத்தது கோழி. நெஞ்சுக்கறி மெதுவா வரட்டும்."

துணை மேலாளர் கைதட்டினார்.

"நீங்க எங்கம்மா பையோட கிளம்பிட்டீங்க? உட்காருங்க. நான் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கு."

மேலாளரைக் கல்நெஞ்சக்காரர் என்று இனி யாரும் பேசக் கூடாது. வேலை முடிந்தவரைக் காக்க வைப்பது பாவம் என்று உணர்ந்த மனிதர் அவர். அந்தக் கருணையைப் பெற ஒரே ஒரு தகுதிதான் வேண்டும்: முதலில் செத்திருக்க வேண்டும்.